இங்கிலீஷ்ல பேசு, இல்லேன்னா செத்துப் போ

டிஸ்கி: இது ஹெவி மெட்டல் பதிவு. காது வலிக்கும்னு நினைக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா கடைசி வரைக்கும் வந்தீங்கன்னா மெட்டல் தெரியாதவங்களுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்க லேப்ல ஒரு அமெரிக்க நண்பன் இருக்கான். முடி இடுப்பு வரைக்கும் தொங்கும், அதனால இந்தப் பதிவுல அவன் பேரு ஜடாமுடி. தன்னோட ஓட்டை கார்ல எங்க நாலு பேரை அடைச்சுக்கிட்டு ஒரு மெட்டல் கச்சேரிக்குக் கிளம்பினான். ரெண்டு மணி நேரப் பயணம். வழியில பாட்டு இல்லாம முடியுமா? போட்டான். போடறதுக்கு முன்னாடி கண்ணாடி வழியா பின்சீட்ல இருந்த என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்: "இது சும்மா ஜோக்குடா, சீரியஸா எடுத்துக்காதே."

கார்ல இருந்த மத்த மூணு பேருக்கும் அந்த டிஸ்கி கிடையாது. எனக்கு மட்டும்தான்.

அப்புறம் பாட்டு ஓடிச்சு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன். ஒரு குறிப்பிட்ட வரி வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன். ரூமுக்கு வந்து படுத்தப்புறம்தான், எதுக்குடா அவ்வளவு சத்தமா சிரிச்சோம்னு உறுத்த ஆரம்பிச்சது. அந்த உறுத்தல்தான் இந்தப் பதிவு.

*

சரி, மேட்டருக்கு வருவோம். ஆல்பம் பேரு 'ஸ்பீக் இங்கிலீஷ் ஆர் டை'. தமிழ்ல சொன்னா, இந்தப் பதிவோட தலைப்பு. குழுவோட பேரு ஸ்டார்ம்ட்ரூப்பர்ஸ் ஆஃப் டெத், சுருக்கமா எஸ்.ஓ.டி. 1985 ஆகஸ்டில் மெகாஃபோர்ஸ் கம்பெனி வெளியிட்டது.

மெட்டல் உலகத்துல சூப்பர்குரூப்னு சொல்றாங்களே, ஏற்கனவே பேர் வாங்கின குழுக்களோட ஆட்கள் சேர்ந்து புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறது, அதுக்கு ஆரம்ப கால உதாரணங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆந்த்ராக்ஸ் குழுவின் கிதார்காரர் ஸ்காட் இயன், அதே குழுவின் டிரம்மர் சார்லி பெனான்டே, ஆந்த்ராக்ஸிலிருந்து வெளியே வந்து நியூக்ளியர் அசால்ட் குழுவைத் தொடங்கியிருந்த டேன் லில்கர். பாடுவதற்கு மட்டும் மெட்டல் ஆள் இல்லை. நியூயார்க் ஹார்ட்கோர் பங்க் வட்டாரத்தில் சைக்கோஸ் என்ற குழுவில் இருந்த பில்லி மிலானோ. பெரிய உருவம், அதுக்கேத்த தொண்டை.

பிறந்த கதை சுவாரசியமானது. 1985ல் ஆந்த்ராக்ஸ் 'ஸ்ப்ரெடிங் தி டிசீஸ்' ஆல்பத்தை நியூயார்க் மாநிலத்து இத்தாகா ஊரில் பிரமிட் சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவு பண்ணிக்கிட்டிருந்தது. நான் இருக்கிற ஊர்ல இருந்தும் ரொம்ப தூரமில்லை. ஸ்காட் இயனோட வேலை முடிஞ்சு போச்சு, மத்தவங்க வேலை முடியலை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துல ஒரு கார்ட்டூன் வரைஞ்சார். மண்டையோட்டு முகம், வாயில சுருட்டு, பட்டாளத்துச் சட்டை. சார்ஜென்ட் டி-னு பேரு. உலகத்துல எல்லாரையும் வெறுக்கிற செத்துப்போன சிப்பாய். அந்தக் கார்ட்டூன் பேசற மாதிரி வரிகள், அதுக்கேத்த கிதார் துண்டுகள். அப்புறம் நண்பர்களைக் கூப்பிட்டு அதே ஸ்டுடியோவில் மூணே நாள்ல முழு ஆல்பத்தையும் முடிச்சுட்டாங்க. இருபதுக்கு மேல பாட்டு, மொத்தம் அரை மணி நேரம் கூட இல்லை. சில பாட்டு சில வினாடிதான். நாம கொட்டாவி விட்டு முடிக்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடும்.

இசையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போனா அது அநியாயம். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். அந்தக் காலத்துல மெட்டல் ஆட்களும் ஹார்ட்கோர் பங்க் ஆட்களும் எலியும் பூனையும். நீள முடிக்காரன் பங்க் கச்சேரிக்குப் போனா அடி வாங்கிட்டுத் திரும்புவான். இசையும் அப்படித்தான் தனித்தனியா இருந்தது. மெட்டல்னா நீளம், நுணுக்கம், கிதார் சோலோ. ஹார்ட்கோர்னா ரெண்டு நிமிஷம், மூணு கார்டு, கோபம். டி.ஆர்.ஐ., கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி மாதிரி குழுக்கள் பங்க் பக்கத்திலிருந்து இந்தச் சுவரை இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. எஸ்.ஓ.டி. மெட்டல் பக்கத்திலிருந்து வந்து இடிச்சது. ஹார்ட்கோரின் சுருக்கம், திராஷ் மெட்டலின் கனமான கிதார். நடுவுல திடீர்னு வேகம் பாதியாகி, கூட்டமே குதிக்கிற மாதிரி ஒரு அடி வரும். 'மில்க்' என்ற பாட்டுல பெனான்டே அடிக்கிற அதிவேக அடியை, பின்னாடி கிரைண்ட்கோரும் டெத் மெட்டலும் எடுத்துக்கிட்ட பிளாஸ்ட் பீட்டுக்கு முன்னோடின்னு சொல்றவங்க நிறைய. முதல் பாட்டான 'மார்ச் ஆஃப் தி எஸ்.ஓ.டி.'யை எம்டிவி தன்னோட 'ஹெட்பேங்கர்ஸ் பால்' மெட்டல் நிகழ்ச்சிக்கே எடுத்துக்கிச்சு. பேர் தெரியாமலேயே ஒரு தலைமுறை அந்தத் துண்டைக் கேட்டு வளர்ந்திருக்கு.

ஆக, இசை விஷயத்துல விமர்சகர்கள் சொல்றதோட எனக்குத் தகராறு இல்லை. கிராஸ்ஓவர் திராஷ் வகையின் மைல்கல்னு சொல்றாங்க. ஒத்துக்கறேன்.

தகராறு வேற இடத்துல.

*

அந்தப் பேர் வச்ச பாட்டு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். வரிகளை இங்க எழுத மாட்டேன், சாரத்தை மட்டும் சொல்றேன். படகு படகா வந்து இறங்கறீங்க, உங்களுக்கு ஒழுங்கான வேலை கிடைக்காது, தெருமுனையில தின்பண்டமும் பேப்பரும் விக்கறீங்க, நான் கேட்கிறது உங்களுக்குப் புரியறதில்லை, உங்க உச்சரிப்பு சகிக்கலை, என்னை மாதிரி ஏன் பேச முடியலை. அப்புறம் ஒரு வரி நெத்தியில இருக்கிற பொட்டைப் பத்தி. அது என்ன, கண்ணா, அதை வச்சுத்தான் பார்ப்பீங்களாங்கிற தொனியில.

ஆமாங்க, பொட்டு. நம்ம வீட்டுப் பொட்டுதான். கார்ல எல்லாரும் சிரிச்சது அந்த வரிக்குத்தான். ஜடாமுடி கண்ணாடியில என்னைப் பார்த்ததும் அப்பத்தான்.

இந்த ஆல்பத்தைப் பத்தி வந்த பிறகு நான் தேடித் தேடிப் படிச்ச விமர்சனங்களை மூணு கூடையில போடலாம்.

முதல் கூடை: இசை அபாரம், வரிகள் கிண்டல், அடுத்த பாரா. வரிகளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். 'யாரையும் விட்டு வைக்காத நகைச்சுவை' மாதிரி ஏதாவது இருக்கும்.

ரெண்டாவது கூடை: இது இனவெறி, குப்பையில போடு. இது பெரும்பாலும் அரசியல் பேசற பங்க் பக்கத்திலிருந்து வர்ற குரல். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து இடதுசாரி பங்க் ஆட்களுக்கும் நியூயார்க் ஹார்ட்கோர் ஆட்களுக்கும் ஏற்கனவே வாய்க்கா தகராறு. அதனால இந்தக் குரல் ஒலிச்சப்ப, "அவங்க அப்படித்தான் சொல்வாங்க"ன்னு சுலபமா ஒதுக்க முடிஞ்சது.

மூணாவது கூடை: இது கொஞ்சம் புதுசு. "அடடா, அந்தக் காலத்துல எவ்வளவு சுதந்திரமா ஜோக் அடிச்சாங்க, இன்னிக்கு இப்படி ஒரு ஆல்பம் போட முடியுமா, எல்லாருக்கும் தோல் மெலிஞ்சு போச்சு." ஏக்கக் கூடை.

மூணையும் படிச்சப்புறம் ஒண்ணு கவனிச்சேன். மூணு கூடையிலும், அந்தப் பாட்டு யாரைப் பத்தினதோ அந்த ஆள் எங்கேயும் இல்லை. திட்டறவங்க, ரசிக்கறவங்க, ஏங்கறவங்க எல்லாருமே இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்களாத்தான் எனக்குத் தெரிஞ்சாங்க. தெருமுனையில பேப்பர் வித்தவர் இந்த ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதலை. அவர் பையன் எழுதினானா? அவன் ஒருவேளை மெட்டல் ரசிகனா இருந்திருந்தா, அந்த வரி வந்தப்ப என்ன பண்ணியிருப்பான்?

சத்தமா சிரிச்சிருப்பான். எனக்குத் தெரியும்.

*

"அட, ஒரு ஜோக்குக்கு இவ்வளவு பில்டப்பா"ன்னு கேக்கறவங்களுக்காக, இந்த ஆல்பம் வந்த சமயத்துல வெளியே என்ன நடந்துக்கிட்டு இருந்ததுன்னு ரெண்டே ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். ஆல்பத்தால இது நடந்ததுன்னு நான் சொல்ல வரலை. அப்படிச் சொன்னா அது பொய். அந்த வரிகள் எந்தக் காத்துல மிதந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

ஒண்ணு படகு. ஆல்பம் வந்து ஒரு வருஷம் கழிச்சு, 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால், மூடுபனியில ரெண்டு உயிர்காப்புப் படகுகள்ல 155 ஈழத்தமிழர்கள் தத்தளிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த ஊர் மீனவர்கள்தான் அவங்களைக் காப்பாத்திக் கரை சேர்த்தாங்க. இந்தக் கதை தெரிஞ்ச பதிவர்கள் இங்க நிறைய பேர் இருப்பீங்க. சிலருக்கு அது சொந்தக்காரங்க கதையாவே இருக்கும். 'படகு படகா வர்றீங்க'ன்னு ஒரு வரியைக் கேக்கும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வரும், ஜடாமுடிக்கு என்ன ஞாபகம் வரும்?

இன்னொண்ணு பொட்டு. 1987 கோடையில், மன்ஹாட்டனுக்கு எதிர்க்கரையில இருக்கிற ஜெர்சி சிட்டியில 'டாட்பஸ்டர்ஸ்'னு தங்களைச் சொல்லிக்கிட்ட ஒரு கும்பல், உள்ளூர்ப் பத்திரிகையான ஜெர்சி ஜர்னலுக்குக் கடிதம் எழுதிச்சு. பேருக்கு அர்த்தமே பொட்டு ஒழிப்பவர்கள். இந்தியர்களை ஊரை விட்டுத் துரத்த எந்த எல்லைக்கும் போவோம், தெருவுல இந்துவைக் கண்டா அடிப்போம்னு மிரட்டல். அந்த செப்டம்பர்ல பக்கத்து ஊரான ஹோபோக்கன்ல ஒரு இந்திய இளைஞரை ஒரு இளைஞர் கூட்டம் அடிச்சதுல அவர் சில நாள்ல இறந்தே போனார். அந்த வருஷங்கள்ல அந்தப் பக்கம் பொட்டு வைக்காம வெளியே போன பெண்கள் உண்டு.

நான் படிச்ச விமர்சனங்கள் எதுலயும் இந்த ரெண்டுல ஒண்ணு கூட இல்லை. 'வரிகள் கிண்டல்', அடுத்த பாரா.

*

இப்ப எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையா பார்த்துடுவோம். இல்லேன்னா ஜடாமுடி என்னை விடமாட்டான்.

ஸ்காட் இயன் பல தடவை தெளிவா சொல்லிட்டார். வரிகள் எதையும் சீரியஸா எழுதலை, ஆட்களை எரிச்சல் படுத்தத்தான் எழுதினோம்னு. நான் அதை நம்பறேன். அவர் நியூயார்க் குவீன்ஸில் பிறந்த யூதக் குடும்பத்துப் பையன். மிலானோங்கிற பேரே ஒரு இத்தாலிய ஊர் பேரு. இவங்க குடும்பங்களே எங்கிருந்தோ கப்பல் ஏறி வந்தவங்கதான். அதுமட்டுமில்லை, ஆந்த்ராக்ஸ் 1987ல் 'இண்டியன்ஸ்'னு ஒரு பாட்டு போட்டாங்க. (நம்மாளுங்களைப் பத்தின பாட்டுன்னு நினைச்சு நான் ஆவலா கேட்டு ஏமாந்தது தனிக்கதை. அது அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு நடந்த அநியாயத்தைப் பத்தினது.) 1990ல் 'கீப் இட் இன் தி ஃபேமிலி'ன்னு இனவெறுப்புக்கு எதிரா ஒரு பாட்டு. 1991ல் பப்ளிக் எனிமி குழுவோட சேர்ந்து 'பிரிங் தி நாய்ஸ்'. ராப்பும் மெட்டலும் கைகோர்த்த பெரிய நிகழ்ச்சி அது. இப்படிப்பட்ட ஆளை இனவெறியர்னு முத்திரை குத்தறது அபத்தம். ரெண்டாவது கூடைக்காரங்க இதைப் பார்க்கலை.

சரி, ஆளு நல்லவர். ஜோக்கும் நல்ல ஜோக்கா?

'பேசறது நாங்க இல்லை, சார்ஜென்ட் டி-ங்கிற பாத்திரம்'ங்கிறது அடுத்த வாதம். பாத்திரம் பேசற மாதிரி எழுதறது இலக்கியத்துல பழைய விஷயம், தப்பே இல்லை. ஆனா அப்படி எழுதினா, அந்தப் பாத்திரம் எங்கேயாவது ஒரு இடத்துல வழுக்கி விழணும். அவன் முட்டாள்தனம் அவன் வாயாலேயே வெளியே வரணும். இந்தப் பாட்டுல சார்ஜென்ட் எங்கேயும் விழறதில்லை. கம்பீரமான கிதார் பின்னணியில ஜெயிச்சுட்டுப் போயிடறார். கிண்டல் அவர் மேலேன்னு சொல்றாங்க. ஆனா அடி விழறது பேப்பர் விக்கறவர் மேல.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு பழைய பாடம் இருக்கு. 1971ல் தொடங்கி 1979 வரை 'ஆல் இன் தி ஃபேமிலி'ன்னு ஒரு டிவி தொடர். கதாநாயகர் ஆர்ச்சி பங்கர், குவீன்ஸ்காரர், ஸ்காட் இயன் பிறந்த அதே பகுதி. கறுப்பர், யூதர், குடியேறிகள்னு எல்லாரையும் திட்டற மனுஷன். அந்த ஆளோட குறுகிய புத்தியைக் கிண்டல் பண்ணத்தான் அந்தத் தொடரையே எடுத்தாங்க. 1974ல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பார்வையாளர்கள்கிட்ட கேட்டுப் பார்த்தாங்க. ஏற்கனவே வெறுப்பு மனசுல இருந்தவங்களுக்கு அது கிண்டலாவே தெரியலை. ஆர்ச்சி உள்ளதைச் சொல்றார்னு ரசிச்சாங்க. சிரிப்பு ரெண்டு பக்கமும் ஒரே சிரிப்புதான், சிரிச்ச காரணம்தான் வேற வேற.

இத்தனைக்கும் அந்தத் தொடர்ல ஆர்ச்சிக்குப் பதில் சொல்ல ஒரு மருமகன் இருந்தார், மகள் இருந்தாள். நம்ம சார்ஜென்டுக்குப் பதில் சொல்ல அந்தப் பாட்டுல யாருமே இல்லை.

*

எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம் வேற ஒண்ணு. இதையும் எந்த விமர்சனத்துலயும் நான் பார்க்கலை.

இந்தப் பாட்டு முடிஞ்ச உடனே அடுத்து வர்ற பாட்டு என்ன தெரியுமா? 'யுனைடெட் ஃபோர்சஸ்'. நீள முடி மெட்டல்காரனும் மொட்டைத் தலை ஹார்ட்கோர்காரனும் சண்டையை விட்டு ஒண்ணா நிக்கணும்னு சொல்ற பாட்டு. விமர்சகர்கள் கொண்டாடற பாட்டும் இதுதான். ரெண்டு கூட்டம் ஒண்ணான வரலாற்றுத் தருணம்னு சொல்வாங்க.

இப்ப ரெண்டு பாட்டையும் அந்த வரிசையிலேயே சேர்த்துக் கேளுங்க. முதல்ல, வெளியே இருக்கிறவன் யாருன்னு சொல்லியாச்சு. அப்புறம், உள்ளே இருக்கிற நாம எல்லாரும் ஒண்ணு. ஒத்துமைக்கு ஒரு வெளியாள் தேவைப்பட்டிருக்கான். வேணும்னு யோசிச்சு அப்படி அடுக்கியிருக்க மாட்டாங்க, மூணு நாள்ல போட்ட ஆல்பம். ஆனா யோசிக்காம வந்ததுதான் எனக்கு இன்னும் யோசனையா இருக்கு. சண்டை போட்டுக்கிட்டு இருந்த ரெண்டு பேர் சட்டுனு நண்பர்களாகணும்னா, சேர்ந்து சிரிக்க மூணாவதா ஒருத்தன் கிடைச்சா போதும்.

எனக்கு மெட்டல் பிடிச்சதே அது வெளியாட்களோட இசைங்கிறதாலதான். ஸ்கூல்ல விளையாட்டுல சேர்க்கப்படாதவன், வீட்டுல ஒத்துவராதவன், இவங்க எல்லாரும் வந்து சேர்ற இடம். உள்ளே வந்தப்புறம் உங்க பேரு, ஊரு யாருக்கும் வேண்டாம், டி-ஷர்ட்டு போதும். அந்த இடத்துலயும் வாசல்ல ஒரு டிக்கெட் வாங்கினேன்னு அன்னிக்கு ராத்திரிதான் புரிஞ்சது. அந்த வரிக்கு நான் சிரிச்ச சிரிப்புதான் டிக்கெட்டு. சிரிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒண்ணும் ஆகியிருக்காது, ஜடாமுடி நல்ல பையன். ஆனா கார்ல ஒரு நிமிஷம் அமைதி வந்திருக்கும். அந்த அமைதிக்குப் பயந்துதான் சிரிச்சேன்.

இதுல சொந்தக் கதை வேற இருக்கு. போன செமஸ்டர் இளங்கலை மாணவர்களுக்கு லேப் எடுத்தேன். கடைசியில பேர் போடாம கருத்து எழுதிக் கொடுப்பாங்க. ஒரு மகராசனோ மகராசியோ எழுதியிருந்தது: பாடம் புரிஞ்சது, அவர் பேச்சு புரியலை. பேச்சு புரியாம பாடம் எப்படிப் புரிஞ்சதுன்னு நானும் ரூம் போட்டு யோசிக்கிறேன் :-) அதைப் படிச்சுட்டு ரெண்டு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு 'வ' உச்சரிப்பைத் திருத்திக்கிட்டு இருந்தேன். நம்மூர் வாய்க்கு ரெண்டு 'வ'வும் ஒண்ணுதான், இவங்களுக்கு வேற வேற. இந்த நிலைமையில இருக்கிறவன் காதுல அந்தப் பாட்டு எப்படி விழும்னு சொல்லத்தான் இதைச் சொன்னேன். மத்தபடி அந்த மகராசன் மேல கோபமில்லை, நல்லா இருக்கட்டும்.

*

இவ்வளவு எழுதினப்புறம் இன்னொண்ணையும் ஒத்துக்கலேன்னா நான் அயோக்கியன்.

சென்னையில இன்ஜினியரிங் படிச்சப்ப கல்ச்சுரல்ஸ்ல நாங்க ஒரு நாடகம் போட்டோம். எனக்கு அடகுக்கடை சேட்டு வேஷம். 'நம்பள்கி', 'நிம்பள்கி'ன்னு நாம சினிமாவுல காலங்காலமா பார்த்த அதே பேச்சு. அரங்கம் அதிர்ந்தது. பரிசு கூட கிடைச்சது. எங்க வகுப்புல சவுகார்பேட்டையிலிருந்து வர்ற ஒரு பையன் இருந்தான். முன்வரிசையில உட்கார்ந்து எல்லாரையும் விடச் சத்தமா சிரிச்சான். பார்த்தியா, அவனே சிரிக்கிறான், இதுல என்ன தப்புன்னு நாங்க பேசிக்கிட்டோம்.

அவனே சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்புன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. ஒரு கடல், ஒரு கண்டம் தாண்டி, ஒரு ஓட்டை காரோட பின்சீட்டுல உட்கார வேண்டியிருந்தது அது புரிய.

இன்னிக்கு நம்மூர்ல கட்டடத்துல செங்கல் தூக்கறவங்களையும் ஹோட்டல்ல மேஜை துடைக்கறவங்களையும் 'வடக்கன்'னு மீம் போட்டு, அவங்க தமிழைக் கிண்டல் பண்றவங்களும் இதையேதான் சொல்றாங்க: சும்மா ஜோக்குப்பா. இந்தித் திணிப்பை எதிர்க்கறது வேற, நானும் எதிர்க்கறவன்தான். அது அரசாங்கத்தோட சண்டை. தமிழ்ல தடுமாறற ஒரு கூலித் தொழிலாளியைப் பார்த்துச் சிரிக்கறது அதுல சேராது.

*

கடைசியா ஒரு விஷயம். இந்த ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்கள்லயே எனக்குப் பிடிச்சது எழுத்துல வரலை, பாட்டா வந்தது. அதுவும் 35 வருஷம் கழிச்சு.

2020ல் மிஸ்டர் பங்கிள் குழு தங்களோட பழைய டெமோவைத் திரும்பப் பதிவு பண்ணி ஒரு ஆல்பம் போட்டாங்க. பாடகர் மைக் பேட்டன், டிரம்ஸ் ஸ்லேயரின் முன்னாள் டிரம்மர் டேவ் லொம்பார்டோ. இன்னொரு சூப்பர்குரூப்னே சொல்லலாம். அதுல இந்தப் பாட்டையும் எடுத்துப் போட்டாங்க, ஆனா தலைப்பைத் திருப்பிப் போட்டுட்டாங்க: 'ஆப்லா எஸ்பான்யோல் ஓ முவேரே'. ஸ்பானிஷ்ல பேசு, இல்லேன்னா செத்துப் போ. எந்த நாட்டுல? குடியேற வர்றவங்களைத் தடுக்க மெக்சிகோ எல்லையில சுவர் கட்டணும்னு கோஷம் கிளம்பியிருந்த நாட்டுல. அந்தப் பதிவுல கிதார் வாசிச்சவங்கள்ல ஒருத்தர் யார் தெரியுமா? சாட்சாத் ஸ்காட் இயனேதான்.

அதைக் கேட்டப்ப நான் மறுபடி சத்தமா சிரிச்சேன். ரூம்ல தனியா, யாரும் பார்க்காதப்ப. கிதார் அதேதான், வேகம் அதேதான், கோபமும் அதேதான். மொழி ஒண்ணுதான் மாறிச்சு, அடி விழற இடமே மாறிப்போச்சு. 'எல்லாரையும் சமமாத்தான் கிண்டல் பண்றோம்'னு சொல்றாங்களே, அது உண்மையா இருந்தா மொழியை மாத்தினப்ப ஒண்ணுமே மாறியிருக்கக் கூடாது. 1985 ஆல்பத்தைப் பத்தி விமர்சகர்கள் சொல்லாம விட்டதை, அதை எழுதின ஆளோட கிதாரே சொல்லிடுச்சு. அவர் அப்படி நினைச்சு வாசிச்சாரான்னு எனக்குத் தெரியாது. எனக்கு அப்படித்தான் கேட்டது.

ஆல்பத்தைத் தடை பண்ணணும், தூக்கி எறியணும்னு சொல்ல வரலை. என் போன்ல இப்பவும் இருக்கு. 'மார்ச் ஆஃப் தி எஸ்.ஓ.டி.' கேட்டுக்கிட்டே நடந்தா பனியில கூட நடை வேகமாகுது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இதை மைல்கல்னு எழுதறவங்க, அந்த மைல்கல் நட்ட ரோட்டுல யார் நடந்து போனாங்க, யார் ஓரமா ஒதுங்கி நின்னாங்கன்னும் ஒரு பாரா எழுதுங்க. ஒரு வாக்கியத்துல 'வரிகள் கிண்டல்'னு தாண்டிப் போயிட்டா அது அரை விமர்சனம். இசையைச் சொல்லாம வரிகளை மட்டும் சொல்லித் திட்டினாலும் அரை விமர்சனம்தான்.

ஜடாமுடிகிட்ட போன வாரம் கேட்டேன். "எனக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே ஜோக்குன்னு சொன்னே?" கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் சொன்னான்: "நீ இருக்கும்போதுதான் எனக்கு அது ஜோக்கா இல்லையான்னு சந்தேகம் வந்துச்சு."

நான் படிச்ச அத்தனை விமர்சனத்துலயும் இல்லாத ஒரு வரி அது. இந்த வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு கச்சேரிக்குப் போறோம். போகும்போது பாட்டு என் முறை.

பி.கு: எதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு கேக்கற மெட்டல் புதுமுகங்களுக்கு, முதல்ல ஆந்த்ராக்ஸின் 'அமாங் தி லிவிங்' கேளுங்க, அப்புறம் இங்க வாங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா ஹெட்போன் அவசியம்.

பி.பி.கு: பின்னூட்டத்துல திட்டறவங்க தாராளமா தமிழ்லயே திட்டலாம். இங்கிலீஷ் கட்டாயமில்லை :-)